கொக்கிளாய்க் கரையில் பழமரம்: எங்கே நடுவது, எதை நடுவது?

கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984 டிசம்பரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்து, ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் திரும்பி வந்தபோது வீடு நின்ற இடங்களில் பற்றைதான் நின்றது. கிணற்றுக் கட்டையும், தப்பி நின்ற ஒரு தென்னையோ மாவோ புளியோதான் பலருக்குத் தங்கள் வளவை அடையாளம் காட்டின. வேலி போய்விடும், வீடு இடிந்துவிடும், மரம் நிற்கும். அதனால்தான் திரும்பி வந்தவர்கள் கூரைக்கு அடுத்ததாகக் கன்று தேடினார்கள்.

ஆனால் நட்ட கன்றெல்லாம் மரமாவதில்லை. கன்று முதல் மாரியில் தளிர்க்கும். இரண்டாம் கோடையில் இலை நுனி கருகும். மூன்றாம் ஆண்டு பட்டுப்போகும். “இந்த மண்ணுக்கு ஒன்றும் வராது” என்று சலிப்பு வரும். பெரும்பாலான இடங்களில் பிழை மண்ணில் இல்லை. உவர் ஏறும் மூலையில் மாவையும், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் பலாவையும், கடற்காற்று நேரே அடிக்கும் பக்கத்தில் வாழையையும் வைத்துவிடுகிறோம். கன்றை முதலில் வாங்கி, பிறகு அதற்கு இடம் தேடுவதால் வரும் வினை இது. முதலில் வளவைப் பார்க்க வேண்டும். கன்று அதற்குப் பின்.

இந்தக் கட்டுரை கொக்கிளாயை மனதில் வைத்து எழுதப்பட்டது. நாயாறு, அளம்பில், செம்மலை போன்ற கரையோர ஊர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கடலுக்கும் களப்புக்கும் நடுவே

கொக்கிளாயின் கிழக்கே கடல், தெற்கிலும் மேற்கிலும் களப்பு. கரையோரம் மணல். உள்ளே போகப் போக மணல் கலந்த சிவப்பு, கபில நிற மண்ணும், வயல்பக்கம் களிமண்ணும் வரும். ஒரே வளவின் முன்பக்கம் மணலாகவும் பின்பக்கம் களியாகவும் இருப்பதும் உண்டு.

மழை பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ் பருவத்தில் கொட்டித் தீர்க்கிறது. அந்த நாட்களில் களப்பும் பெருகும், தாழ்ந்த வளவுகளில் தண்ணீர் நிற்கும். மே முதல் செப்டெம்பர் வரை வறட்சி. அப்போது களப்பு நீரின் உப்பு கூடும், கிணறு இறங்கும், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வெக்கையோடு வீசும். இங்கே நடும் மரம் இரண்டு மாதம் ஈரத்தில் நின்று, ஐந்து மாதம் காய வேண்டும். நுவரெலியாவில் அல்லது கொழும்பில் உள்ள உறவினர் வீட்டில் நன்றாக வந்த கன்று இங்கே வராமல் போக இது ஒன்றே போதும்.

கரையோரக் கிணற்று நீரைப் பற்றியும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். மணலுக்குள் மழைநீர் இறங்கி, பாரமான உப்பு நீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழக்கமான கணக்கு. இதன் மறுபக்கம் ஆபத்தானது. மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினாலும் கீழிருந்து உப்பு நீர் பல மடங்கு மேலே ஏறும். ஆகவே கோடையில் அதிகம் தண்ணீர் கேட்கும் மரத்தைத் தேர்ந்தால், மரத்தோடு குடிநீர்க் கிணற்றையும் இழக்க நேரலாம்.

வளவைப் படிக்க ஐந்து சோதனைகள்

முதலாவது, மாரியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெருமழை பெய்த மறுநாள் காலை வளவைச் சுற்றி நடந்து, தண்ணீர் நின்ற இடங்களின் ஓரத்தில் தடி நட்டு வையுங்கள். மூன்று நாளுக்குப் பிறகும் தண்ணீர் நிற்கும் இடம் பழமரத்துக்கு ஆகாது. அங்கே வாழை கூடத் திணறும்.

இரண்டாவது, வடிச்சலைப் பாருங்கள். நட நினைக்கும் இடத்தில் இரண்டடி ஆழமான சிறு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியது சில நிமிடங்களில் மறைந்தால் அது தண்ணீர் பிடிக்காத மணல், எருவும் மூடாக்கும் நிறைய வேண்டும். சில மணி நேரத்தில் வடிந்தால் நல்லது. மறுநாளும் தண்ணீர் நின்றால் மேடு கட்டாமல் அங்கே எதையும் நடக்கூடாது. தோண்டும் முன், கீழே பாதுகாப்புப் பற்றி எழுதியிருப்பதை வாசியுங்கள்.

மூன்றாவது, மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈரமாக்கிப் பிசைந்து பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தள்ளுங்கள். நாடா போல் நீண்டு வந்தால் களி. உருண்டையாகப் பிடித்து நாடாவாகாமல் உடைந்தால் இருவாட்டி. உருண்டையே பிடிக்காவிட்டால் மணல்.

நான்காவது, உவர். கோடையின் கடைசியில், ஓகஸ்ட் செப்டெம்பரில் பார்க்க வேண்டியது இது. நிலத்தில் வெள்ளைப் பொருக்கு படர்ந்திருக்கிறதா? உமரி தானாக முளைத்திருக்கிறதா? கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறதா? அப்படியானால் உப்பு ஏறியிருக்கிறது. நாக்கு ஓரளவுதான் சொல்லும். ஒரு போத்தல் தண்ணீரை விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்து மின்கடத்துதிறனை அளக்கக் கேளுங்கள். மீற்றருக்கு 0.7 டெசிசீமென்சுக்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. 0.7இலிருந்து 3 வரை என்றால் பயிரைப் பார்த்துத் தேர வேண்டும். 3ஐத் தாண்டினால் உப்பைத் தாங்கும் மரங்கள் மட்டுமே. உலக உணவு விவசாய நிறுவனம் பாசன நீருக்குச் சொல்லும் அளவுகோல் இது. மாரியில் அளந்தால் இலக்கம் ஏமாற்றும், மழைநீர் உப்பைக் கழுவியிருக்கும்.

ஐந்தாவது, காற்றும் வெயிலும். பழமரத்துக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வீட்டின், பெரிய மரங்களின் நிழல் காலையிலும் மாலையிலும் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மாரியில் கடற்பக்கமிருந்து வரும் காற்று உப்புத் திவலையைக் கொண்டுவரும். கோடையில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று இலையை உலர்த்திப் பிஞ்சை உதிர்க்கும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் இங்கிருந்து தெற்கே திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. இந்தக் கரையில் மரம் நடுபவர் புயலையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

இவற்றைப் பார்க்க ஒரு மாரியும் ஒரு கோடையும் தேவை. அவசரமானவர்கள், பக்கத்து வளவில் பல ஆண்டுகளாகக் காய்க்கும் மரத்தைப் பார்த்து, அதன் சொந்தக்காரரிடம் கேட்கலாம். பத்து வருடம் நின்ற மரத்தைவிட நல்ல சாட்சி இல்லை.

வளவுக்குள் எந்த மூலை?

இருப்பதிலேயே உயர்ந்த, உவர் குறைந்த இடத்தைப் பழமரத்துக்கு ஒதுக்குங்கள். கடற்கரைக்கு அருகில் உள்ள வளவுகளில் வீட்டின் மேற்குப் பக்கம் நல்லது, உப்புத் திவலையை வீடே மறித்துவிடும். தென்மேற்கு வேலியில் பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை, வேம்பு போன்றவற்றை நெருக்கமாக வைத்தால் சோளகத்தின் வேகம் தணியும். பூவரசு உப்புக் காற்றுக்கும் அசையாது. சீமைக்கிளுவையின் குழை பசளையாகவும் மூடாக்காகவும் உதவும்.

கன்று நடும்போது முழு மரத்தை நினைக்க வேண்டும். கறுத்தக்கொழும்பான் போன்ற பெரிய மாவுக்கும் பலாவுக்கும் சுற்றிவர 30 முதல் 35 அடி இடைவெளி வேண்டும். சப்போட்டாவுக்கு 25 அடி, கொய்யாவுக்கும் தேசிக்கும் 15 அடி, மாதுளைக்கு 10 முதல் 12 அடி, பப்பாசிக்கு 8 அடி போதும். பெரிய மரத்தைச் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். மின்கம்பிக்குக் கீழே எந்தப் பெரிய மரமும் வேண்டாம். கிணற்றுக்கு மிக அருகில் நட்டால் இலையும் பழமும் கிணற்றுக்குள் விழும், வேர் கட்டை வெடிக்கச் செய்யும். ஆனால் குளிக்கும் தண்ணீர் வழிந்தோடும் பக்கம் வாழைக்கும் தேசிக்கும் உகந்தது. சவர்க்காரத் தண்ணீர் நேரே அடிமரத்தில் விழாமல் சிறு வாய்க்காலால் பரவ விடுங்கள்.

பலாவுக்கு ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பலாவையும் ஈரப்பலாவையும் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. பிள்ளைக்கு வீடு கட்ட ஒதுக்கிய துண்டின் நடுவில் பலாவை வைத்தால், பின்னாளில் பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டி வரும்.

மாமரம்: ஆசையும் நிலமும்

எங்கள் வீடுகளில் பழமரம் என்றால் முதலில் மாதான் நினைவுக்கு வரும். வரண்ட வலயத்துக்குப் பொருந்தும் இனங்களும் பல உண்டு.

கறுத்தக்கொழும்பான் நார் குறைந்த, மணமான, செம்மஞ்சள் சதையுள்ள பழம். வடக்கின் காலநிலை அதற்கு உவந்தது. மரம் பெரிதாக விரியும், அரைப் பரப்புக்குக் குறைந்த வளவில் அது மற்றவற்றுக்கு இடம் விடாது. விலாட் பழம் சிறியது, இனிப்பு மிகுந்தது. சின்ன வளவுக்கு அது வசதி. அம்பலவியும் செம்பாட்டானும் யாழ்ப்பாணத்தாருக்குப் பழக்கமானவை, நல்ல வடிச்சலுள்ள மண்ணில் நன்றாக வரும். ரொம் ஈ.ஜே.சி. என்ற இனம் அண்மைக் காலத்தில் சந்தைக்காகப் பரவலாக நடப்படுகிறது. பெரிய பழம், நார் குறைவு, நல்ல விலை. ஆனால் கவாத்தும் பசளையும் தண்ணீரும் ஒழுங்காகக் கொடுத்தால்தான் அந்த விலை கையில் வரும். வீட்டுத் தேவைக்கு ஒரு மரம் வைப்பவருக்கு அது கட்டாயமில்லை.

எல்லா மா இனங்களுக்கும் பொதுவான பலவீனம் உப்பு. உவர் ஏறினால் முதலில் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் கபில நிறமாகக் கருகும், பிறகு இலை உதிரும், கடைசியில் கொப்பு காயும். இதை நோய் என்று நினைத்து மருந்து அடிப்பதில் பயனில்லை. உங்கள் வளவில் உவரில்லாத உயரமான இடம் ஒன்று இருந்தால் மாவை அங்கே வையுங்கள். இல்லாவிட்டால் மா ஆசையை உறவினர் வளவுக்கு மாற்றிவிட்டு, அடுத்து வரும் மரங்களைப் பாருங்கள்.

மா ஒத்துவராத வளவுக்கு

சப்போட்டா உப்பையும் காற்றையும் வறட்சியையும் நன்றாகத் தாங்கும் பழமரம். வன்னிக் காட்டில் நிற்கும் பாலைக்கு இது நெருங்கிய உறவு. இந்தியாவில் பாலைக் கன்றில்தான் சப்போட்டாவை ஒட்டுகிறார்கள். பாலை நிற்கிற ஊரில் சப்போட்டா நிற்கும் என்று நம்பலாம். வளர்ச்சி மெதுவானது, பொறுமை வேண்டும். வளர்ந்த பிறகு பராமரிப்பு குறைவு.

மாதுளை மணலிலும் வறட்சியிலும் வரும், ஓரளவு உப்பையும் பொறுக்கும், இடமும் அதிகம் வேண்டாம். காய் பருக்கும் காலத்தில் காயவிட்டுப் பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றினால் காய் வெடிக்கும். கொஞ்சமாகவும் ஒழுங்காகவும் ஊற்றுவதே அதற்கு வழி.

கொய்யா பலவகை மண்ணில் வரும். ஒட்டு அல்லது பதிக்கன்று என்றால் இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிடச் சீக்கிரம் பயன் தரும் மரம் குறைவு. பழ ஈயிடமிருந்து காப்பாற்றக் காயைக் கடதாசிப் பையால் மூட வேண்டும்.

மரமுந்திரிகை தூய மணலிலும் வளரும். தண்ணீர் தேங்குவதை மட்டும் அது பொறுக்காது. அன்னமுன்னாவும் இலந்தையும் வறட்சிக்கு அஞ்சாதவை. உவர் மிகுந்த ஓரத்தில் தென்னையே சரி. அது பழமரக் கணக்கில் சேராவிட்டாலும், கடற்பக்கம் ஒரு வரிசை தென்னை நின்றால் அதன் பின்னால் மற்ற மரங்கள் பிழைக்கும்.

தேசி உப்புக்கு மிகவும் அஞ்சும், களியில் வேர் அழுகும். நல்ல தண்ணீருள்ள, வடிச்சலான இடத்துக்கு மட்டும். பலாவும் அப்படித்தான், வேர்ப்பகுதியில் தண்ணீர் தேங்கினால் பெரிய மரமே ஒரு மாரியில் சாகும். பப்பாசி ஓராண்டுக்குள் காய்க்கும், ஆனால் காற்றில் முறியும், தேங்கும் நீரில் ஓரிரு நாளில் அழுகும். மேடு கட்டி, காற்றுப் படாத பக்கத்தில் வையுங்கள். பெரிய மரங்கள் வளரும் வரை இடையில் பப்பாசியும் வாழையும் வைத்துப் பயன் எடுக்கலாம்.

யானை வரும் பக்கம்

காட்டோர வளவுகளில் யானையையும் குரங்கையும் கணக்கில் எடுக்காமல் இனம் தேர முடியாது. வாழை, பலா, மா, தென்னங்கன்று, விளாம்பழம் எல்லாம் யானையை அழைக்கும். இவற்றை வேலியோரம் வைக்காமல் வீட்டுக்கு அருகில், ஆள் நடமாட்டமுள்ள பக்கம் வையுங்கள். காட்டுப்பக்க எல்லையில் தேசி, தோடை போன்றவை நல்லது. யானை இவற்றை விரும்புவதில்லை. வஸ்கமுவ பகுதியில் இலங்கை வனஉயிர் பாதுகாப்புச் சங்கம் வீடுகளைச் சுற்றித் தோடை நடுவதை இதே காரணத்துக்காக ஊக்குவித்தது. யானையை அது முற்றாகத் தடுக்கும் என்று எண்ண வேண்டாம். அழைப்பு குறையும், உங்களுக்குத் தேசிக்காயும் கிடைக்கும். எல்லை மண்ணில் உவர் இல்லை என்பதை மட்டும் முதலில் உறுதிப்படுத்துங்கள்.

கன்று வாங்கும்போது

விதைக்கன்று மலிவு, ஆணிவேர் ஆழமாக இறங்கும். ஆனால் தாயைப் போலவே காய்க்கும் என்ற உறுதி இல்லை, மா காய்க்க ஆறு ஏழு ஆண்டுகள் ஆகும். ஒட்டுமா மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும், இனமும் மாறாது.

ஒட்டுக்கன்றில் ஒட்டிய இடம் நன்றாக மூடி இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழிருந்து தளிர் வந்தால் கிள்ளிவிடுங்கள், அது வேர்மரத்தின் தளிர், விட்டால் ஒட்டை அமுக்கிவிடும். பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வந்த பெரிய கன்றைவிட, இரண்டடி உயரமான உறுதியான கன்று மேல். வாகனத்தில் வந்து தெருவோரம் விற்பவரிடம் வாங்குவதைவிட, விவசாயத் திணைக்களத்தின் அல்லது அது பதிவு செய்த நாற்றுமேடையில் வாங்குவது பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. உங்கள் பழைய வளவிலோ அயலிலோ 1984க்கு முந்திய மா ஒன்று இன்னும் நின்றால், அதே மரத்தைப் புதிதாக உண்டாக்கலாம். பென்சில் தடிப்பில், நுனி மொட்டுப் பருத்து இன்னும் விரியாத கொப்புத் துண்டை வெட்டி, இலைகளைக் கிள்ளி, ஈரத் துணியில் சுற்றி அன்றைக்கே நாற்றுமேடைக்குக் கொண்டுபோனால், விதைக்கன்றின் மேல் ஒட்டித் தருவார்கள். காய்ப்பது உங்கள் அம்மம்மா பறித்துத் தந்த அதே பழம்தான். அந்த மரம் இத்தனை மாரியையும் கோடையையும் இந்த மண்ணில் தாண்டியிருக்கிறது என்பதால், இடத்துக்குப் பொருந்தும் என்ற சோதனையும் முடிந்துவிட்டது. ஒரே துண்டை நம்பாமல் ஐந்தாறு துண்டு கொடுங்கள், எல்லாம் பிடிக்காது. பழைய மரம் அடுத்த புயலில் விழுமுன் செய்ய வேண்டிய வேலை இது.

கிடங்கு வெட்டுமுன்

மற்ற ஊர்க் கட்டுரைகளில் இந்தப் பகுதி இருக்காது. எங்களுக்கு வேண்டும்.

கொக்கிளாய்ப் பகுதி மணலாற்றுப் போர்முனைக்கு அருகில் இருந்தது. வெடிபொருள் அகற்றிக் கையளித்த காணியிலும், அகற்றல் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரைதான் நடந்திருக்கும். மரக்கிடங்கு அதைவிட ஆழமாகப் போகும். ஆகவே அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத காணியில் கிடங்கு வெட்டவே வேண்டாம். உறுதிசெய்த காணியிலும் அலவாங்கை ஓங்கிக் குத்தாமல் மண்வெட்டியால் படை படையாக எடுங்கள். நட நினைக்கும் இடத்தில் குப்பை கூட்டி எரிக்காதீர்கள், சூட்டில் மண்ணுக்குள் கிடப்பது வெடிக்கலாம். உலோகம், பிளாஸ்ரிக் மூடி, கம்பி எது தென்பட்டாலும் தொடாமல் நிறுத்துங்கள். வந்த வழியே திரும்பி, தூரத்தில் அடையாளம் வைத்து, பிள்ளைகளை விலக்கி, கிராம அலுவலருக்கும் 119இல் பொலிசுக்கும் அறிவியுங்கள்.

மண்ணுக்குள் வேறும் கிடக்கலாம். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிமன்ற உத்தரவில் நடந்த அகழ்வு 2024 ஜூலையில் முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டிருந்தன. எலும்போ துணியோ தென்பட்டால் மேலும் தோண்டாதீர்கள், எதையும் எடுத்துக் கழுவி வைக்காதீர்கள். கிடந்தபடியே விட்டு மூடி, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். நம்பிக்கையான ஒரு சட்டத்தரணிக்கும் சொல்லி வையுங்கள். யாரோ ஒரு தாய் தேடுவது அங்கே இருக்கலாம்.

நடுகையும் மூன்று கோடையும்

பெரிய மரத்துக்கு மூன்றடி நீள, அகல, ஆழமான கிடங்கு. மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை மறுபக்கம் போடுங்கள். மணலானால் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை அடுக்குங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். மேல்மண்ணோடு உக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்பி, இரண்டு வாரம் இறுக விடுங்கள். பச்சை எரு போட்டால் சூட்டில் வேர் வேகும், கறையானும் வரும்.

மேட்டு வளவில் முதல் மழை நிலத்தை நனைத்ததும், ஒக்ரோபர் கடைசி முதல் நவம்பர் வரை நடுங்கள். தாழ்ந்த வளவில் ஒன்றரை இரண்டடி மேடு கட்டி, பெருமழை ஓய்ந்த பிறகு நடுங்கள். பையைக் கிழித்து மண் உதிராமல் இறக்குங்கள். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். தென்மேற்கில் ஒரு தடி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஆடு மாட்டுக்கு வேலி இல்லாத கன்றை நடாததற்குச் சமம் என்றே எண்ணுங்கள்.

கன்று சாவது கோடையில். முதல் கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர் போதும். மணலில் அதையே பாதி பாதியாகப் பிரித்து அடிக்கடி ஊற்றுங்கள். கன்றுக்கு ஒன்றரை அடி தள்ளி ஒரு மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நிரப்பி மூடிவிட்டால், தண்ணீர் மெதுவாகக் கசிந்து வேருக்குப் போகும். வேலைக்குப் போகும் பெண்கள் தனியே நடத்தும் வீடுகளுக்கு இது பெரிய உதவி. காய்ந்த இலை, பனையோலை, சீமைக்கிளுவைக் குழை எதையாவது நான்கு விரற்கடைத் தடிப்பில் மூடாக்காகப் போடுங்கள். தண்டோடு சேராமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், கறையான் ஏறாது. மூன்றாம் கோடையைத் தாண்டிய மரம் பெரும்பாலும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

காணியும் மரமும்

மகாவலி ‘எல்’ வலயம், வன இலாகா எல்லைக்கல், களப்புச் சரணாலயம் என்று இந்தப் பகுதியில் காணிப் பிணக்குகள் ஓயவில்லை. மரம் உறுதிப் பத்திரம் ஆகாது. ஆனாலும் பத்திரத்தோடு சேர்த்து வைக்கக்கூடிய சாட்சி அது. வளவில் தப்பி நிற்கும் பழைய மரங்களையும் கிணற்றையும் படம் எடுத்து வையுங்கள். புதுக் கன்று நட்ட திகதியையும் இனத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, ஆண்டுக்கு ஒரு படம் எடுங்கள். அனுமதிப் பத்திரக் காணியானால், எல்லை தெளிவாகாத ஓரத்தில் பெரிய மரம் வைக்குமுன் பிரதேச செயலகத்தில் எல்லையை உறுதிப்படுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி “வளவில் ஒரு மா வையுங்கோ” என்று சொல்பவர்கள், கன்றுக்கு மட்டுமன்றி வேலிக்கும் மூன்று கோடைத் தண்ணீருக்கும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இந்த ஆண்டு செய்யக்கூடியது இவ்வளவுதான்: ஓகஸ்டில் கிணற்று நீரை அளவுங்கள். மாரியில் தண்ணீர் நிற்கும் இடத்துக்குத் தடி நடுங்கள். உயர்ந்த, உவரில்லாத ஒரு இடத்தைத் தேர்ந்து, அதற்குப் பொருந்தும் ஒரே ஒரு கன்றை வையுங்கள். பத்துக் கன்று நட்டுப் பத்தையும் காயவிடுவதைவிட, ஒன்றை மூன்று கோடை தாண்ட வைப்பது பெரிது.